தோண்டுவதற்கு முதல் யாரைக் கேட்டார்கள்?



போன இரண்டு மாதத்துக்குள் எங்கட கூட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டும் கையெழுத்துக் கேட்டு வந்தவை. ஒன்று, கொன்றகேரில் வரவிருக்கும் கொன்ரெய்னர் முனையத்துக்காக சென் லோறன்ஸ் ஆற்றின் அடியைத் தோண்டுவதை எதிர்க்கும் கடிதம். கியூபெக்கின் சூழலியல் நண்பர்கள் அனுப்பியது. மற்றது, சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டத்தைத் திரும்பத் தொடங்கச் சொல்லி இந்திய அரசைக் கேட்கும் கடிதம். அது எங்கட ஆட்களிடம் இருந்தே வந்தது. "தமிழரின் 150 வருடக் கனவு" என்று அதற்குத் தலைப்பு.

லவாலில் நடந்த கூட்டத்தில் இரண்டும் ஒரே நாளில் பேச்சுக்கு வந்தன. ஒரு தோழர் கேட்டார்: "இங்க ஆத்தைத் தோண்டாதை எண்டு கையெழுத்து வைச்சுப்போட்டு, அங்க கடலைத் தோண்டு எண்டு எப்பிடி வைக்கிறது?" இன்னொரு தோழர் விடவில்லை: "பணக்கார நாட்டில இருந்துகொண்டு தூத்துக்குடிக்கு ஒரு கப்பல் பாதை வேண்டாம் எண்டு சொல்ல நாங்கள் ஆர்?" இரண்டுமே நியாயமான கேள்விகள். நீண்ட நேரம் கதைத்தபிறகு முதல் கடிதத்தில் கையெழுத்து வைத்தோம், இரண்டாவதில் வைக்கவில்லை. ஏன் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டிய கடமை எங்களுக்கு இருக்கிறது.

கனவு யாருடையது?

பாக்கு விரிகுடா ஆழமில்லாத கடல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டருக்கு மணல் திட்டுகள். பெரிய கப்பல் அந்த வழியால் போக முடியாது, இலங்கையைச் சுற்றித்தான் போகவேண்டும். இதை வெட்டி ஒரு பாதை எடுக்கலாம் என்று 1860இல் திட்டம் போட்டுக் கொடுத்தவர் ஏ. டி. டெய்லர், பிரிட்டிஷ் இந்தியாவின் கடற்படைப் பிரிவில் இருந்த அதிகாரி. 150 வருடக் கனவு என்று நாங்கள் சொல்லும் கனவை முதலில் கண்டது பேரரசு. அதன் கப்பல்கள் விரைவாகப் போவதற்கான கனவு அது.

பிறகு அது தமிழ்நாட்டின் கோரிக்கையாக மாறியது, அதிலும் நியாயம் இருந்தது. தெற்கு மாவட்டங்களில் தொழில் இல்லை, டெல்லி பணம் ஒதுக்கவில்லை. 1967இல் அண்ணாவின் ஆட்சி சேலம் இரும்பாலைக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் சேதுவுக்கும் சேர்த்து எழுச்சி நாள் கொண்டாடியது. சேலத்தில் ஆலை வந்தது. தூத்துக்குடியில் துறைமுகம் வந்தது. சேது மட்டும் வரவில்லை. "எங்களுக்குத் தராத ஒன்று" என்ற உணர்வு அந்தத் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. புலம்பெயர்ந்த நாங்களும் அந்த உணர்வைத்தான் வாங்கிக்கொண்டோம். திட்டத்தை எடுத்து வாசித்தவர்கள் எங்களில் மிகக் குறைவு.

வாசித்தால் இப்படி இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் இருந்து வங்காள விரிகுடா வரை 167 கிலோமீட்டர் பாதை. அதில் ஏறக்குறைய பாதித் தூரம் தோண்டவேண்டியது. 300 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். மொன்றியலுக்குக் கப்பல் வருவதற்காக சென் லோறன்ஸில் வைத்திருக்கும் பாதை 11.3 மீட்டர் ஆழம். அப்படி ஒன்றைக் கடலுக்குள் வெட்டுவது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எடுக்கவேண்டிய மண் சுமார் 8 கோடி கன மீட்டர். ஒரு ஒலிம்பிக் நீச்சல் குளம் 2,500 கன மீட்டர் பிடிக்கும் என்றால், 32,000 குளம் நிறைய மண். அதில் பெரும்பகுதியைக் கடலில்தான் கொட்டவேண்டும். செலவு 2,427 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டார்கள். 2005 ஜூலை 2ஆம் திகதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் தொடக்கி வைத்தார்.

கேள்வி ஒரு பக்கம், அனுமதி இன்னொரு பக்கம்

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்றால் என்ன என்று புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: ஒரு திட்டம் நிலத்தையும் நீரையும் அதை நம்பி வாழும் சனத்தையும் என்ன செய்யும் என்று, தொடங்க முதல், அந்தச் சனத்தையும் கேட்டு, எழுதிப் பார்க்கும் வேலை. இதில் "தொடங்க முதல்", "கேட்டு" என்ற இரண்டு சொல்லும் இல்லாவிட்டால் அது வெறும் ஆவணம்.

சேதுவுக்கான மதிப்பீட்டைத் தூத்துக்குடித் துறைமுகப் பொறுப்புக் கழகம் நாக்பூரில் இருக்கும் நீரி என்ற அரசு ஆய்வு நிறுவனத்திடம் கொடுத்தது. அறிக்கை 2004இல் வந்தது. கரையோர மாவட்டங்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் வைத்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. அதே வங்காள விரிகுடா, அதே நாகப்பட்டினம். கரையோரம் பற்றி அதுவரை எழுதிய எல்லாவற்றையும் திரும்பப் பார்க்கவேண்டிய நாள் அது.

பார்த்தார்களா? கனடாவில், ஒட்டாவாவில் இருந்த சுனாமி ஆய்வாளர் தாட் மூர்த்தி, இப்படி ஆழமாக்கினால் அடுத்த சுனாமியின் வேகம் கேரளத்தின் தென்கரைக்கு இன்னும் நேராகப் போகக்கூடும் என்று எச்சரித்தார். பிரதமர் அலுவலகமே 2005 மார்ச் 8ஆம் திகதி 16 கேள்விகளைத் துறைமுகக் கழகத்துக்கு அனுப்பியது. சுனாமி, புயல், மணல் படிவு எல்லாம் அதில் இருந்தன. ஆனால் சுற்றுச்சூழல் அமைச்சு மார்ச் 31ஆம் திகதியே அனுமதி கொடுத்துவிட்டது. கேள்விகளுக்குப் பதில் போனது ஜூன் 30ஆம் திகதி. தொடக்க விழா ஜூலை 2.

அந்தத் திகதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கேள்வி, அதன்பிறகு அனுமதி, அதன்பிறகு பதில், இரண்டு நாளில் விழா. பதில் எப்படி இருந்திருந்தாலும் விழா நடந்திருக்கும் என்றால், கேள்வி கேட்டது எதற்கு?

மணல் விடயத்தைக் கொஞ்சம் விளக்கவேண்டும். பாக்கு விரிகுடா கரையோர மணல் வந்து தங்கும் ஒரு தொட்டி மாதிரி. காற்று மாறும்போது நீரோட்டம் மாறும், மணலும் இடம் மாறும். 1955இல் ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் அரசு போட்ட குழு, மணல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் ஆதாம் பாலத்துக்கு ஊடாகக் கடலில் வெட்டும் யோசனையைக் கைவிடச் சொல்லி, நிலத்தை வெட்டிப் போகும் கால்வாயைப் பரிந்துரைத்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்துப்போட்டது என்று எங்கட வீடுகளில் இன்னும் கதைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருமுறை தோண்டிவிட்டு விட முடியாது. வருடம் வருடம் தோண்டவேண்டும். வருடம் வருடம் கலங்கல் தண்ணீர், கடற்புல்லின் மேலே படியும் சேறு.

கோடு போட்ட இடத்தில் ஆய்வும் நின்றது

எங்களைப் பொறுத்தவரை மிகப் பெரிய குறை இதுதான். அந்த மதிப்பீடு இந்தியப் பக்கத்தைப் பார்த்தது. கொழும்பும் டெல்லியும் 1974இலும் 1976இலும் கையெழுத்து வைத்துப் போட்ட கடல் எல்லைக் கோட்டில் அதன் வரைபடம் முடிந்துவிட்டது. கால்வாய்ப் பாதையோ சில இடங்களில் அந்தக் கோட்டுக்குக் கிட்டவே போகிறது. கலங்கல் தண்ணீர் கோட்டைக் கண்டு நிற்காது. மீன் நிற்காது. ஆவுளியாவும் நிற்காது. கடற்புல் தின்னும் அந்தப் பிராணிக்கு இரண்டு கரையும் ஒரே மேய்ச்சல் நிலம்.

கோட்டுக்கு இங்காலே யார் இருக்கிறார்கள்? பேசாலை, தலைமன்னார், நெடுந்தீவு, குருநகர். எங்களில் கனபேருடைய அம்மம்மா, அப்பப்பா பிறந்த கரைகள். அறிக்கை எழுதிய காலத்தில் அந்தச் சனம் போர்நிறுத்தத்துக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மயிலிட்டி மீனவர்கள் 1990இல் துறைமுகத்தை இழந்தார்கள். 2017இல்தான், 27 வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. கடலுக்குள் ஒரு தடை வலயம் வந்தால் வாழ்க்கை என்னவாகும் என்று அவர்களை விட யாருக்குத் தெரியும்? சர்வதேசக் கப்பல் பாதை ஒன்று வந்தால் அதைக் காவல் காக்க இரண்டு நாட்டுக் கடற்படையும் வரும். சின்ன வள்ளத்தில் குறுக்கே போகிறவனைத்தான் முதலில் மறிப்பார்கள். இதைப் பற்றி அவர்களிடம் அந்த ஆய்வு ஒரு கேள்வி கேட்கவில்லை. கொழும்பில் நடந்த விவாதத்திலும் கொழும்புத் துறைமுகத்தின் வியாபாரத்துக்கு என்ன நடக்கும் என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது.

ஆகவே "தமிழரின் கனவு" என்று ஒரு கடிதத்தில் எழுதினால், எந்தத் தமிழர் என்று கேட்கவேண்டி இருக்கிறது. கப்பல் நிறுவனத்துக்கும் தோண்டும் ஒப்பந்தக்காரருக்கும் நன்மை வரலாம். இராமநாதபுரத்தில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கு என்ன வரும்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆனபிறகு, கடலைப் பாதுகாக்கவேண்டும் என்று சொல்லி அந்தப் பெண்களைத்தான் தீவுகளுக்குக் கிட்டப் போகவிடாமல் தடுத்தார்கள். கையால் பாசி எடுப்பவளுக்குப் பாதுகாப்புச் சட்டம், 12 மீட்டர் ஆழம் தோண்டுபவனுக்கு அனுமதிக் கடிதம். சூழல் பாதுகாப்பும் வர்க்கம் பார்த்துத்தான் நடக்கிறது.

இராமரும் இல்லை, பெருமையும் இல்லை

2007இல் என்ன நடந்தது என்று பலருக்குத் தெரியும். இந்துத்துவ அமைப்புகள் அந்த மணல் திட்டுகளை இராமர் கட்டிய பாலம் என்று சொல்லி நீதிமன்றம் போயின. இராமாயணப் பாத்திரங்களுக்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறை கொடுத்த பிரமாணப் பத்திரத்தை, எதிர்ப்புக் கிளம்பியதும், மத்திய அரசு செப்டம்பர் 14ஆம் திகதி திருப்பி வாங்கியது. இராமர் எந்தப் பொறியியல் கல்லூரியில் படித்தார் என்று கருணாநிதி கேட்டார். எங்கட ஆட்கள் கைதட்டினார்கள். அந்தக் கேள்வி எங்களுக்கும் பிடித்தமான கேள்விதான்.

ஆனால் அந்த நாளில் இருந்து விவாதம் இரண்டாகப் பிரிந்துபோனது. திட்டத்தை எதிர்த்தால் நீ காவி. ஆதரித்தால் நீ பகுத்தறிவாளன். கோஸ்டல் ஆக்ஷன் நெட்வேர்க் மாதிரியான கரையோர இயக்கங்களும் மீனவர் சங்கங்களும் இராமர் பேச்சு எழும்ப முதலே எதிர்த்தவை. சென்னை உயர்நீதிமன்றம் வரை போனவை. அவற்றின் குரல் இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் அமுங்கிவிட்டது. நம்பிக்கைக்கு அடிபடும் என்று சொன்னவரைக் கேட்டார்கள். வலை அறும் என்று சொன்னவரைக் கேட்கவில்லை.

அதன்பிறகு நடந்ததையும் பாருங்கள். மணல் திட்டுப் பகுதியில் வேலை 2007 செப்டம்பரில் நின்றது, மற்ற இடத்தில் 2009 ஜூலையில் நின்றது. அதற்குள் 766 கோடி ரூபாய் கடலுக்குள் போய்விட்டது. மாற்றுப் பாதை ஒன்றைப் பார்க்க 2008இல் ஆர். கே. பச்சௌரி தலைமையில் குழு போட்டார்கள். பொருளாதார ரீதியாகவும் சூழல் ரீதியாகவும் அது சரிவராது என்று குழு சொன்னது. 2013இல் மத்திய அரசு அதை ஏற்கவில்லை. 2018இல் இன்னொரு மத்திய அரசு வந்து, "தேச நலன்" கருதிப் பழைய பாதையைக் கைவிடுகிறோம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதற்குக் காரணம் இராமர் பாலம். கடற்புல் இல்லை, மீனவர் இல்லை. சரியான முடிவு பிழையான காரணத்துக்காக வந்தால், காரணம் மாறும் நாளில் முடிவும் மாறும்.

2023 ஜனவரி 12ஆம் திகதி தமிழ்நாடு சட்டமன்றம் திட்டத்தை உடனே நிறைவேற்றச் சொல்லி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அதற்கு நாலு மாதம் முதல், 2022 செப்டம்பரில், அதே தமிழ்நாடு அரசுதான் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. உண்மையிலேயே நல்ல அறிவிப்பு அது. இரண்டும் ஒரே விரிகுடா. அந்த அறிவிப்பும் அந்தத் தீர்மானமும் எப்படிப் பொருந்தும் என்று சட்டமன்றத்தில் ஒருவரும் தடுத்து நிற்கவில்லை.

"அப்ப அபிவிருத்தி வேண்டாமோ?"

வேண்டும். தூத்துக்குடியில், இராமநாதபுரத்தில் வேலை இல்லாமல் வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு உள்ளூரில் வேலை வேண்டும். ஆனால் இந்தக் கால்வாய் அதைத் தருமா என்பது கணக்குப் பார்க்கக்கூடிய விடயம். 424 கடல் மைல், 30 மணித்தியாலம் மிச்சம் என்று விளம்பரம் செய்தார்கள். பொருளாதார ஆய்வாளர் ஜேக்கப் ஜான் 2007இல் இதைப் பிரித்துக் காட்டினார். அவ்வளவு மிச்சம் வருவது தூத்துக்குடியில் இருந்து சென்னைக்குப் போவது மாதிரியான கரையோரப் பயணத்துக்குத்தான். ஐரோப்பாவில், ஆபிரிக்காவில் இருந்து வரும் கப்பலுக்கு மிச்சம் மிகக் குறைவு. அதோடு கால்வாய்க்குள் மெதுவாகப் போகவேண்டும், வழிகாட்டி மாலுமிக்குக் காசு கட்டவேண்டும், சுங்கம் கட்டவேண்டும். அந்தப் பாதை 30,000 டன் அளவுக் கப்பலுக்குத்தான் போதும். உலகத்தில் கப்பல்களோ அதைவிட எத்தனையோ மடங்கு பெருத்துக்கொண்டே போகின்றன.

இன்னொரு விடயத்தை மறைக்கக்கூடாது. அந்தக் கடலின் அடியை இன்றைக்கே நாசம் செய்வது தமிழ்நாட்டு இழுவைமடிப் படகுகள். வடக்கு மீனவரின் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. இலங்கையில் 2017இல் இழுவைமடியைத் தடைசெய்து சட்டம் வந்தது, பிரச்சினை தீரவில்லை. அந்தப் படகின் முதலாளியும் தமிழர், அதில் கூலிக்குப் போய்ச் சிறையில் கிடப்பவரும் தமிழர், வலை இழந்தவரும் தமிழர். "தமிழர் கடல்" என்ற ஒரு சொல்லுக்குள் இந்த மூன்று பேரையும் போட்டு மூடினால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

எங்கட ஆறு

இனி முதல் கடிதம். மொன்றியலில் இருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கீழே, தென்கரையில் இருக்கிறது கொன்றகேர். வருடத்துக்கு 11.5 லட்சம் கொன்ரெய்னர் அளவுக்கு அங்கே ஒரு புதிய முனையம் கட்ட மொன்றியல் துறைமுகம் திட்டம் வைத்திருக்கிறது. அதற்கு ஆற்றின் அடியைத் தோண்டவேண்டும். அந்த அடியில் நீர்ப்புல் இருக்கிறது. அந்தப் புல்லுக்குள் செம்பு நிறச் செதிலோடு ஒரு மீன் மேய்கிறது. பிரெஞ்சில் ஷெவாலியே குய்வ்ரே என்பார்கள். உலகத்திலேயே கியூபெக்கில் மட்டும் இருக்கும் மீன். றிஷ்லியூ ஆற்றில்தான் முட்டையிடும். 30 வருடத்துக்கு மேல் வாழும், ஆனால் குஞ்சு பெருகுவது மிக மெதுவாக. 2007இல் இருந்து கனடாவின் அழியும் ஆபத்தில் இருக்கும் இனங்களின் சட்டப் பட்டியலில் இருக்கிறது.

இந்தத் திட்டத்துக்கும் மதிப்பீடு நடந்தது. 2021 மார்ச்சில் 300க்கும் மேற்பட்ட நிபந்தனைகளோடு மத்திய அமைச்சர் ஓம் என்றார். அழியும் புல்லுக்குப் பதிலாக வேறு இடத்தில் வாழிடம் செய்து கொடுப்போம் என்பது அதில் முக்கியமான வாக்குறுதி. சேதுவை விட ஒழுங்கான மதிப்பீடு இது. ஆவணங்கள் வெளியில் கிடைக்கின்றன, முதற்குடி மக்களோடு பேசினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். 2025 ஜூனில் ஒட்டாவா பெரும் திட்டங்களுக்கான புதிய சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. "தேசிய நலன்" என்று ஒரு திட்டத்தைக் குறித்துவிட்டால் அனுமதி ஏற்கனவே கிடைத்ததாக வைத்துக்கொண்டு, நிபந்தனைகளைப் பிறகு பேசலாம் என்கிறது அந்தச் சட்டம். செப்டம்பர் 11ஆம் திகதி பிரதமர் கார்னி, பெரும் திட்டங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிய முதல் ஐந்து திட்டங்களை அறிவித்தார். கொன்றகேர் அதில் ஒன்று. முதலில் ஓம், பிறகு கேள்வி. 2005 மார்ச்சில் டெல்லியில் நடந்தது இங்கே சட்டமாகவே வந்திருக்கிறது.

இந்த ஆற்றுக்கு அது புதிதும் இல்லை. 1954க்கும் 1959க்கும் இடையில் சென் லோறன்ஸ் கடல்வழியை வெட்டியபோது கானவாகே மோஹாக் மக்களின் காணியைப் பறித்து, அவர்களின் ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் கால்வாயைக் கொண்டுபோனார்கள். ஆற்றங்கரை ஊர் ஆறு இல்லாத ஊரானது. லவாலில் இருந்து வேலைக்குப் போகும்போது றிவியேர் தே பிரேரி பாலத்தை எத்தனையோ தடவை கடக்கிறோம். நாங்கள் குடியேறி இருக்கும் தீவைச் சுற்றி ஓடும் தண்ணீருக்கு இப்படி ஒரு கதை இருக்கிறது என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லித்தரவில்லை.

துறைமுகத் தொழிலாளரின் வேலை? இதை இடதுசாரிகள் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் 2021 மார்ச்சில் கொன்றகேருக்கு ஓம் சொன்ன அதே அரசுதான், ஏப்ரல் முடிவில் மொன்றியல் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைச் சட்டம் போட்டு முடித்தது. தோண்டும்போது மட்டும் தொழிலாளர்மேல் வரும் பாசத்தை நம்பவேண்டாம். அந்தக் கொன்ரெய்னர்கள் கடைசியில் வந்து இறங்கும் பண்டகசாலைகளில் எங்கட அப்பா அம்மாக்கள் வேலை செய்கிறார்கள். அவர்களிடமும் இந்த மதிப்பீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நாங்கள் ஆர்?

மீண்டும் அந்தத் தோழரின் கேள்வி. லவாலில் இருந்து இதைச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? சேது வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. வேண்டும் என்று கையெழுத்து வைக்கும் உரிமையும் அதே அளவுக்குத்தான் இல்லை. அந்த உரிமை இரண்டு கரையிலும் தொழில் செய்கிற சனத்துக்கு. அவர்களைக் கேட்கச் சொல்லும் கடமைதான் எங்களுக்கு.

அப்படிக் கேட்க வழி இருக்கிறது. எல்லை தாண்டிய பாதிப்பை மதிப்பிடுவதற்கென்று 1991இல் பின்லாந்தின் எஸ்போ நகரில் ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். கனடா அதில் சேர்ந்திருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் சேரவில்லை. ஆனாலும் தங்கள் நடவடிக்கை கடலுக்கு என்ன செய்யும் என்று முன்கூட்டி மதிப்பிடவேண்டிய கடமை ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையில் இருக்கிறது. அதில் இரண்டு நாடும் கையெழுத்து வைத்திருக்கின்றன. 2003இல் ஜொகூர் நீரிணையில் சிங்கப்பூர் கடலை நிரப்பியபோது மலேசியா சர்வதேச கடற்சட்ட நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு நாடும் சேர்ந்து சுயாதீன நிபுணர் குழுவை வைத்துப் பாதிப்பை ஆராயவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005இல் இரண்டு நாடும் உடன்பாட்டுக்கு வந்தன. அங்கே முடிந்தது பாக்கு நீரிணையில் ஏன் முடியாது?

அதனால் இரண்டாவது கடிதம் அனுப்பிய நண்பர்களுக்கு நாங்கள் வெறுமனே "இல்லை" என்று எழுதவில்லை. மூன்று விடயத்தைச் சேர்த்தால் திரும்பப் பேசலாம் என்று எழுதினோம். புதிய மதிப்பீடு ஒன்று, கோட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, சுனாமிக்குப் பிந்திய தரவுகளோடு நடக்கவேண்டும். அறிக்கை முழுவதும் தமிழில் வரவேண்டும், சுருக்கம் மட்டும் போதாது. தலைமன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் மீனவரும் பாசி எடுக்கும் பெண்களும் பேசும் கூட்டங்கள், அனுமதிக்கு முதல், நடக்கவேண்டும். அந்தக் கூட்டங்களில் சனம் "வேண்டாம்" என்று சொன்னால் அது வேண்டாம்தான் என்பதையும் ஏற்கவேண்டும். இந்த இதழை அனுப்பும் நேரம் வரை பதில் இல்லை. வந்தால் அடுத்த இதழில் முழுவதுமாகப் போடுவோம், எங்களைப் பேசி எழுதியிருந்தாலும்.

கொன்றகேர் கடிதத்திலும் ஒரு பந்தியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு எழுதியிருக்கிறோம். மீனைப் பற்றி மட்டும் இருந்த கடிதம் அது. கானவாகேயின் கதையும் துறைமுகத் தொழிலாளரின் பாதுகாப்பும் அதில் இருக்கவேண்டும் என்று சொன்னோம்.

உங்களிடம் கேட்பது பெரிய வேலை இல்லை. உங்கட வீட்டில், சொந்தத்தில், கடல் தொழில் செய்தவர் யாராவது இருந்தால் சேதுவைப் பற்றிக் கேளுங்கள். அந்த நாளில் அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை, ஒலிப்பதிவாக என்றாலும் சரி, தமிழிலோ பிரெஞ்சிலோ எழுதி என்றாலும் சரி, அவர்கள் சம்மதத்தோடு எங்களுக்கு அனுப்புங்கள். இருபது வருடத்துக்கு முதல் அந்த அறிக்கை கேட்காமல் விட்ட ஆட்களில் சிலர் இன்றைக்கு லவாலிலும் மொன்றியலிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். வயது போகிறது. அவர்களைக் கேட்பதற்கு டெல்லியின் அனுமதியோ கொழும்பின் அனுமதியோ எங்களுக்குத் தேவையில்லை.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக, லவாலில் இருந்து